பந்தும் பத்திரமும்

சங்கரன்கோவிலில் அஸர் தொழுகை முடித்துப் பள்ளிவாசலை விட்டு வெளியே வருவோர் காதில் விழுவது விசைத்தறிகளின் ஓசை. ஆடித்தபசுக்குப் பெயர்பெற்றது போலவே நெசவுக்கும் பெயர்பெற்ற ஊர் இது. நெசவுத் தொழிலை அறிந்தோர் ‘முன்பணம்’ என்னும் சொல்லையும் அறிவர். மகளின் நிக்காஹ் செலவுக்கோ, தாயின் மருத்துவத்துக்கோ நெசவாளி தறி முதலாளியிடம் ஒரு தொகை பெறுகிறான். அத்தொகை தீரும்வரை அவன் வேறு தறிக்குச் செல்லலாகாது. அடுத்த தெருவில் கூலி கூடுதலாயினும் செல்லலாகாது. புதிய முதலாளி பழைய பாக்கியைத் தீர்த்தால்தான் ஆள் கைமாறுவான். தமிழகத்தின் நெசவூர்கள் பலவற்றில் நெடுங்காலம் நிலவிய வழக்கம் இது. 1976ஆம் ஆண்டில் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது, கடனைக் காட்டி மனிதனைக் கட்டிவைக்கும் இத்தகைய வழக்கங்களின் வேரை அறுப்பதற்காகவே.

அதே மாலைப்பொழுதில் ஊர்ப்புறத்து வெட்டவெளியில் சிறுவர்கள் பந்து உதைக்கின்றனர். அவர்தம் முதுகில் உலகப் புகழ்பெற்ற ஆட்டக்காரர்களின் பெயர் பொறித்த சட்டைகள். அச்சட்டைகளுக்கு உரியோர் கோடிக்கணக்கில் பொருள் ஈட்டுவோர். அவர்களுக்கும் தறிக்குழியில் கால் வைத்திருக்கும் நெசவாளிக்கும் என்ன ஒப்புமை என்று கேட்கத் தோன்றும். ஒப்புமை உண்டு. ஆட்டக்காரனும் ஒரு தாளில் கையொப்பமிட்டே களத்தில் இறங்குகிறான். அவன் கைமாறும்போதும் பழைய முதலாளிக்குப் புதிய முதலாளி பணம் கொடுக்கிறான்.

2024ஆம் ஆண்டில் அன்வர் அலி என்னும் இளைஞர் ஒருவரின் கையொப்பத்தை முன்னிட்டுக் கொல்கத்தாவின் இரு பெருங்கழகங்கள் மோதிக்கொண்டன. வழக்கு டில்லி உயர்நீதிமன்றம் வரை சென்றது. அவ்வழக்கின் உட்பொருளை அறிய வேண்டுமாயின் நூற்றுமுப்பது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும்.

கழகத்தின் ஏட்டில் ஒரு பெயர்

கூலி பெற்றுக் கால்பந்து ஆடுவதை இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் 1885ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. செல்வம் மிக்க கழகங்கள் நல்ல ஆட்டக்காரர்களையெல்லாம் இழுத்துக்கொள்ளுமே என்னும் அச்சம் உடனே எழுந்தது. 1893இல் ஒரு விதி பிறந்தது. ஆட்டக்காரனின் பெயர் எந்தக் கழகத்தின் ஏட்டில் பதிவாகியுள்ளதோ, அக்கழகம் இசைந்தாலன்றி அவன் வேறு கழகத்துக்கு ஆடலாகாது. ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னரும் இவ்விதி பொருந்தும். கழகம் அவனைத் ‘தக்கவைத்த’ பட்டியலில் சேர்த்துவிட்டால், அவனுக்கு வேலையும் இல்லை, கூலியும் இல்லை, விடுதலையும் இல்லை. போதாக்குறைக்கு 1901இல் வாரக் கூலிக்கு நான்கு பவுன் என உச்சவரம்பும் விதித்தனர். அறுபது ஆண்டுகள் கழிந்தும் அவ்வரம்பு இருபது பவுனைத் தாண்டவில்லை.

இக்கட்டை அறுத்தவர் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம். நியூகாசில் யுனைடெட் கழகத்தில் ஆடிவந்த அவருக்குக் கழகம் ஒதுக்கிய வீட்டின் நிலையும், ஏற்பாடு செய்து தந்த துணைவேலையும் மனநிறைவளிக்கவில்லை. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் வேறு கழகம் செல்ல விடை கேட்டார், கழகம் மறுத்தது. ஈஸ்ட்ஹாம் ஆடமாட்டேன் என்று சொல்லிவிட்டுத் தென்னிங்கிலாந்துக்குச் சென்று, நண்பர் ஒருவரின் நிறுவனத்தில் தக்கை விற்கும் வேலையில் அமர்ந்தார். தன் கலையின் உச்சத்தில் இருந்த ஒருவர் தக்கை விற்றுப் பிழைத்த அம்மாதங்களில்தான் கால்பந்து உலகத்தின் மனச்சாட்சி சற்றே புரண்டு படுத்தது எனலாம். 1960 அக்டோபரில் கழகம் இறங்கிவந்து 47,500 பவுனுக்கு அவரை ஆர்சனல் கழகத்துக்கு மாற்றிற்று. 1961 தொடக்கத்தில், ஆட்டக்காரர் சங்கம் வேலைநிறுத்தத்துக்கு ஆயத்தமான நிலையில், இருபது பவுன் வரம்பும் ஒழிந்தது.

அவர் கேட்டது கிடைத்துவிட்டது. வேறொருவராயின் அத்துடன் அமைந்திருப்பர். ஈஸ்ட்ஹாமோ சங்கத்தின் துணையுடன் வழக்கைத் தொடர்ந்து நடத்தினார். 1963 ஜூலையில் தீர்ப்பு வந்தது. ஒப்பந்தம் முடிந்த மனிதனைக் கூலியின்றித் தடுத்து வைப்பது தொழில் செய்யும் உரிமைக்கு முறையற்ற தடை என்றார் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ். இப்பெயரைக் கேட்டதும் வரலாறு பயின்றோர் நிமிர்ந்து அமர்வர். பிரிட்டிஷ் பேரரசில் அடிமை வாணிகத்தை ஒழிக்க வாழ்நாள் முழுதும் போராடிய வில்லியம் வில்பர்ஃபோர்ஸின் கொள்ளுப்பேரனுக்கு மகன் இந்நீதிபதி.

ஆயினும் கட்டு முழுவதும் அறவில்லை. ஒப்பந்தம் முடிந்தவனுக்கும் மாற்றுத்தொகை கேட்கும் வழக்கம் ஐரோப்பாவில் நீடித்தது. அதற்கு இரையானவர் பெல்ஜியத்தின் ஜான் மார்க் போஸ்மன். 1990இல் லியேஜ் கழகத்துடன் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. புதிய ஒப்பந்தத்தில் கூலியை நான்கில் ஒரு பங்காகக் குறைத்துக் காட்டினர். பிரான்சின் டன்கர்க் கழகம் அழைத்தது. லியேஜ் கழகம் பணப்பொறுப்பில் ஐயம் கூறி மாற்றத்தை நிறுத்தி வைத்தது. ஐந்தாண்டுக்காலம் வழக்கு மன்றங்களில் அலைந்த பின், 1995 டிசம்பர் 15ஆம் நாள் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரன், ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்கு, எத்தொகையும் இன்றிச் செல்லலாம் என்பது அதன் சாரம். அத்தீர்ப்பின் நிழலில் பின்வந்தோர் பெருஞ்செல்வர் ஆயினர். வழக்காடிய போஸ்மனோ தம் ஆட்டக் காலத்தை இழந்து, வறுமையிலும் மனச்சோர்விலும் உழன்றார். மரம் நட்டவன் ஒருவன், கனி உண்பவன் வேறொருவன்.

கல்கத்தா மைதானத்தில்

நம் நாட்டின் நிலை வேறு. 1891இல் தோன்றிய முகம்மடன் ஸ்போர்ட்டிங் கழகம் 1934இல் கல்கத்தா லீக் பட்டத்தை வென்றது. அப்பட்டத்தை வென்ற முதல் இந்தியக் கழகம் அதுவே. தொடர்ந்து 1938 வரை ஐந்தாண்டுகள் அப்பட்டம் அதன் கையிலேயே இருந்தது. தெற்கே பெங்களூரிலிருந்தும் ஆட்டக்காரர்களை அழைத்துச் சேர்த்துக்கொண்ட கழகம் அது. 1940இல் டுராண்ட் கோப்பையையும் வென்றது. அக்காலத்து இந்திய முஸ்லிம்களின் இல்லங்களில் அக்கழகத்தின் பெயர் பெருமிதத்துடன் பேசப்பட்டது.

அக்கழகத்தின் முகம்மது சலீம் 1936இல் ஸ்காட்லாந்து சென்று, புகழ்மிக்க செல்டிக் கழகத்துக்காக வெறுங்காலில் துணிக்கட்டுடன் இரு ஆட்டங்கள் ஆடினார். அங்குள்ளோர் வியந்தனர், தங்கும்படி வேண்டினர். அவரோ ஊர் நினைவு மேலிட்டுக் கல்கத்தாவுக்குத் திரும்பிவிட்டார். அவரைத் தடுக்க எந்தப் பத்திரமும் இல்லை. அவரைக் காக்கவும் எந்தப் பத்திரமும் இல்லை. எழுதாத உறவின் இரு முகங்கள் இவை.

அன்றைய இந்தியக் கால்பந்து பெயரளவில் பொழுதுபோக்கு ஆட்டம். ரயில்வே, துறைமுகம், சுங்க இலாகா போன்றவற்றில் ஒரு வேலை. கழகத்தின் கணக்கில் ஏறாத ஒரு தொகை. இவையே நல்ல ஆட்டக்காரனின் ஊதியம். ஆண்டுதோறும் மாற்றுப் பருவம் வந்ததும் கல்கத்தாவில் பெருங்கூத்து நிகழும். எதிர்க் கழகத்தார் கண்ணில் படாதபடி ஆட்டக்காரனை மறைத்து வைத்து, கையொப்ப நாளன்று காவலுடன் அழைத்து வருவார்களாம். நம் தமிழ்நாட்டார் நன்கறிந்த இலக்குக் காவலர் பீட்டர் தங்கராஜ் அக்காலத்தில் முகம்மடன், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகிய மூன்று கழகங்களுக்கும் ஆடியவர். ஆண்டுக்கு ஒருமுறை கதவு திறக்கும். அன்று நடப்பவனுக்கு விடுதலை. காயமுற்றவனுக்கோ அக்கதவும் இல்லை, கேட்பதற்கு எழுத்தும் இல்லை.

1996இல் தேசிய லீக், 2007இல் ஐ-லீக், 2014இல் இந்தியன் சூப்பர் லீக் எனக் காலம் மாறியது. எழுத்து வந்தது, பல ஆண்டு ஒப்பந்தம் வந்தது, கோடிகள் வந்தன. கூடவே வழக்கும் வந்தது.

அன்வர் அலி

பஞ்சாபின் ஜலந்தர் மாவட்டத்து ஆதம்பூரில் 2000ஆம் ஆண்டில் பிறந்தவர் அன்வர் அலி. 2017இல் இந்தியாவில் நடைபெற்ற பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் நம் நாட்டின் தடுப்பு அரணாக நின்றவர். 2019இல் அவர் இதயத்தில் தசை தடிக்கும் பிறவிக் கோளாறு இருப்பது தெரியவந்தது. ஆடினால் உயிருக்கு இடர் நேரலாம் என்னும் நிலையில் களத்தின் கதவு அடைபட்டது. 2020இல் முகம்மடன் ஸ்போர்ட்டிங் கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் தடுத்தது. அவர் டில்லி உயர்நீதிமன்றத்தை அணுகினார். பிழைப்பைத் தேடி இருபது வயதில் நீதிமன்றப் படியேறியது அது முதன்முறை. 2021இல் ஆட வழி பிறந்தது. 2022இல் நாட்டின் மூத்தோர் அணியில் இடம்பெற்று, அவ்வாண்டு ஜூனில் கொல்கத்தாவில் ஹாங்காங் அணிக்கெதிராக ஆட்டம் தொடங்கிய இரண்டாம் நிமிடத்திலேயே பந்தை வலைக்குள் செலுத்தினார்.

அவருடைய தாய்க்கழகம் டில்லி எஃப்.சி. அக்கழகம் அவரை முதலில் கோவாவுக்கு இரவல் தந்தது. பின்னர் 2023இல் மோகன் பகானுக்கு நான்காண்டு இரவலாகத் தந்தது. ‘இரவல்’ என்னும் சொல்லை வாசகர்கள் ஊன்றி நோக்க வேண்டுகிறேன். பாத்திரத்தை இரவல் தருவோம், புத்தகத்தை இரவல் தருவோம். கால்பந்து உலகில் மனிதனையும் இரவல் தருவர். அவன் உழைப்பு ஓரிடத்தில், உரிமை மற்றோரிடத்தில். மோகன் பகானுடன் அவர் 2023இல் டுராண்ட் கோப்பையையும், 2023-24 பருவத்தில் லீக் கேடயத்தையும் வென்றார்.

ஓராண்டு கழிந்தது. 2024 ஜூலையில் அவர் இரவலை முறித்துக்கொண்டு, தாய்க்கழகத்தின் இசைவுடன் ஈஸ்ட் பெங்கால் கழகத்துக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் செல்ல முற்பட்டார். மோகன் பகானுக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் உள்ள பகைமை நூறாண்டுப் பழமையுடையது. சட்டச் சிக்கலில் அப்பகைமையும் எண்ணெய் வார்த்தது. உலகக் கால்பந்துச் சம்மேளனம் 2022 ஜூலை முதல், நாடு விட்டு நாடு செல்லும் இரவலுக்கு ஓராண்டு எல்லை வகுத்திருந்தது. உள்நாட்டு விதிகளைத் திருத்திக்கொள்ள ஒவ்வொரு நாட்டுக்கும் மூன்றாண்டு அவகாசம் அளித்திருந்தது. நான்காண்டு இரவல் அவ்விதியின் நோக்கத்துக்கு முரண் என்றது ஒரு தரப்பு. கையொப்பமிட்டு ஏற்ற தவணையை இடையில் முறிக்கலாகாது என்றது மறுதரப்பு.

சம்மேளனத்தின் ஆட்டக்காரர் நிலைக்குழு, தக்க காரணமின்றி ஒப்பந்தம் முறிக்கப்பட்டது என்று முடிவு செய்தது. செப்டம்பர் 10ஆம் நாள் தண்டனையை அறிவித்தது. அன்வர் அலிக்கு நான்கு மாதத் தடை. ஈஸ்ட் பெங்கால், டில்லி ஆகிய இரு கழகங்களும் இரண்டு மாற்றுப் பருவங்களில் புதிய ஆட்டக்காரர்களைப் பதிவு செய்யலாகாது. மூவரும் சேர்ந்து மோகன் பகானுக்கு 12 கோடியே 90 லட்சம் ரூபாய் இழப்பீடு தருதல் வேண்டும். இந்தியக் கால்பந்து வரலாற்றில் இத்துணைப் பெருந்தொகை கேட்டோர் வியந்தனர். உடனே வழக்கு டில்லி உயர்நீதிமன்றம் சென்றது. சில நாட்களிலேயே அவ்வாணை விலக்கப்பட்டு, எல்லாத் தரப்பையும் மீண்டும் கேட்டு முடிவு செய்வதெனத் திரும்பியது. அப்பருவத்திலேயே அன்வர் அலி ஈஸ்ட் பெங்கால் சட்டையுடன் களமிறங்கினார்.

இதே ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள், ஐரோப்பாவில் வேறொரு தீர்ப்பு வெளிவந்தது. பிரான்சு நாட்டு ஆட்டக்காரர் லசானா தியாரா 2013இல் மாஸ்கோவின் லோகோமோட்டிவ் கழகத்துடன் நான்காண்டு ஒப்பந்தம் செய்தவர். மறு ஆண்டே பிணக்கு மூண்டு கழகம் ஒப்பந்தத்தை முறித்தது. அவர் கழகத்துக்கு ஒரு கோடியே ஐந்து லட்சம் யூரோ தரவேண்டும் எனத் தீர்ப்பாயிற்று. அவரைச் சேர்க்கும் கழகமும் அக்கடனுக்குப் பொறுப்பேற்க நேரும் என்னும் விதியால், பெல்ஜியத்தின் ஷார்லெர்வா கழகம் நீட்டிய கையைப் பின்னிழுத்துக்கொண்டது. பத்தாண்டு கழிந்து, அத்தகைய விதிகள் சில ஐரோப்பியச் சட்டத்துக்கு முரணானவை என்றது நீதிமன்றம். பழைய முதலாளியின் பாக்கியைப் புதிய முதலாளி தலையில் ஏற்றும் விதி அது. சங்கரன்கோவில் நெசவாளிக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கஃபாலா என்னும் சொல்

வளைகுடாவில் உழைக்கும் தந்தையோ தமையனோ மகனோ இல்லாத முஸ்லிம் குடும்பம் நம்மிடையே அரிது. ‘கபீல்’ என்னும் சொல்லை அறியாத தாய்மாரும் அரியர். அச்சொல்லின் நிழலில் சிக்கிய ஒரு பந்தாட்டக்காரரின் கதை நம் வீட்டுக் கதை போன்றதே.

அல்ஜீரியக் குடிவழியில் பிரான்சில் பிறந்த ஸாஹிர் பெலூனிஸ் 2007இல் கத்தார் சென்று, அல் ஜைஷ் கழகத்தின் தலைவராக உயர்ந்தார். 2015 வரை தமக்கு ஒப்பந்தம் உண்டென்றும், கூலி நின்றுவிட்டதென்றும் கூறி நீதிமன்றம் சென்றார். நாட்டை விட்டு வெளியேறக் கபீலின் அனுமதி தேவை. அந்த அனுமதி கிடைக்கவில்லை. வழக்கைக் கைவிட்டால் வழி பிறக்கும் என்னும் நிலை. மனைவியுடனும் இரு சிறு பெண்மக்களுடனும் அவர் ஓராண்டுக்கும் மேலாக அங்கேயே சிக்குண்டு கிடந்தார். உலக ஆட்டக்காரர் சங்கம் குரல் எழுப்பியது. ஸிதேன் முதலிய புகழாளருக்கு அவரே திறந்த மடல் எழுதினார். 2013 நவம்பர் இறுதியில்தான் அவரால் விமானம் ஏற முடிந்தது.

பந்தாட்டக்காரருக்காக உலகம் குரல் கொடுத்தது. அதே அனுமதிக்காகக் காத்துக் கிடந்த கொத்தனாருக்கும் ஓட்டுநருக்கும் யார் மடல் எழுதினர்? 2022 உலகக் கோப்பை நெருங்கிய காலத்தில், கத்தார் அரசு 2018இல் பெரும்பாலான தொழிலாளருக்கு வெளியேறும் அனுமதி முறையை நீக்கிற்று. 2020இல் வேலை மாறுவதற்குரிய ஆட்சேபணை இல்லாச் சான்றையும் நீக்கிற்று. ஒரு விளையாட்டின் மீது விழுந்த வெளிச்சம் உழைப்பாளியின் மீதும் சிறிது விழுந்தது எனலாம்.

‘கஃபாலா’ என்பது ஃபிக்ஹு நூல்களில் பிணையேற்றல் என்னும் பொருளுடையது. அனாதையைப் பொறுப்பேற்றுக் காப்பதற்கும் அச்சொல்லே வழங்கும். மர்யம் (அலை) அவர்களை ஸகரிய்யா (அலை) அவர்கள் பொறுப்பேற்று வளர்த்ததையும் அவ்வேர்ச்சொல்லாலேயே குறிப்பர். காக்கும் பொறுப்பைச் சுட்டிய சொல், தடுக்கும் அதிகாரத்தைச் சுட்டுவதாக மாறிற்று. சொல் என்ன செய்யும்? குற்றம் அதைக் கையாண்டவருடையது.

மத்யன் கிணற்றோரம்

திருக்குர்ஆன் கூறும் வரலாறுகளுள் ஒரு தொழில் ஒப்பந்தமும் உண்டு. எகிப்தைத் துறந்து மத்யன் வந்தடைந்த மூஸா (அலை) அவர்கள், கிணற்றோரம் ஒதுங்கி நின்ற பெண்மணிகள் இருவரின் ஆடுகளுக்கு நீர் புகட்டினார்கள். அப்பெண்களின் முதிய தந்தை ஓர் ஏற்பாட்டை முன்வைத்தார். தம் மகளை மணமுடித்துத் தருவதாகவும், அதற்கீடாக எட்டாண்டு வேலை செய்ய வேண்டும் எனவும் கூறினார். பத்தாண்டாக நிறைவு செய்வது மூஸா (அலை) அவர்களின் விருப்பம் என்றும், தாம் அவர்களைத் துன்புறுத்த எண்ணவில்லை என்றும் அவர் சொன்னார். இரு தவணைகளில் எதை முடித்தாலும் தம்மீது வற்புறுத்தல் கூடாது என்று மூஸா (அலை) உறுதி பெற்றுக்கொண்டார்கள். இறைவன் சாட்சியாக அந்த ஒப்பந்தம் முடிந்தது. நீண்ட தவணையையே அவர்கள் நிறைவேற்றினார்கள் என்பது இப்னு அப்பாஸ் (ரலி) வழியாக வரும் செய்தி.

இதில் எத்துணைத் தெளிவு! தவணை முன்கூட்டியே தெரிகிறது. நீட்டிக்கும் உரிமை உழைப்பவன் கையில் இருக்கிறது. துன்புறுத்தேன் என்னும் உறுதியை வேலை தருவோன் அளிக்கிறான். ஏற்ற சொல்லை உழைப்பவன் நிறைவேற்றுகிறான்; கடமைக்கு மேலும் செய்கிறான்.

இவ்வளவுகோலை நாம் கண்ட வழக்குகளின் மேல் வைத்துப் பார்க்கலாம். ஈஸ்ட்ஹாமுக்கும் போஸ்மனுக்கும் தவணை முடிந்தும் கட்டு முடியவில்லை. ஆதலின் நீதி அவர்கள் பக்கம். பெலூனிஸ் கேட்டது உழைத்த கூலி. உழைத்தவனின் கூலியைத் தாமதமின்றி அளிப்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வலியுறுத்திய கடமை. ஆதலின் நீதி அவர் பக்கம். அன்வர் அலியின் வழக்கு அவ்வளவு எளிதன்று. தவணை முடியுமுன்னரே அவர் விலகினார். அவர் கையொப்பமிட்டது மெய். நான்காண்டு இரவல் என்னும் ஏற்பாடு ஒரு மனிதனுக்குத் தகுமா என்னும் கேள்வியும் மெய்.

நம்மவர் பெயர் தாங்கிய ஓர் இளைஞர் என்பதற்காகவே அவர் பக்கம் சாய்ந்துவிட நம் மனம் விழைகிறது. நமக்கு நாமே பாதகமாயினும், பெற்றோருக்கும் உற்றாருக்கும் பாதகமாயினும் நீதியில் நிலைத்திருக்குமாறு பணிக்கப்பட்ட சமுதாயம் நாம். ஒப்பந்தங்களை நிறைவேற்றுக என்னும் கட்டளை கழகத்துக்கு மட்டுமோ, முதலாளிக்கு மட்டுமோ உரியதன்று. ஏற்றது அநீதியான ஏற்பாடாயின், அதை நடுவர்முன் எடுத்துரைத்து விடுதலை பெறுவதே நேரிய வழி. ஈஸ்ட்ஹாம் தக்கை விற்றுக் காத்திருந்தது அதற்காகத்தான். கழகங்களும் ஒன்றை உணர்தல் வேண்டும். முறிவுக்குத் தண்டனையாகப் பதின்மூன்று கோடியை நெருங்கும் தொகையைக் கேட்கும் உலகில், கூலியை நிறுத்தும் முதலாளிக்கும் அதே எடைக்கல்லால் நிறுத்துத் தண்டனை அளித்தால்தான் அது தராசு ஆகும்.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. எழுதுபவன் நேர்மையுடன் எழுத வேண்டும். கடன்படுபவன் வாசகம் சொல்ல வேண்டும். அவன் இயலாதவனாயின் அவன் பொறுப்பாளர் சொல்ல வேண்டும். சாட்சிகள் வேண்டும் என்பன அதில் அமைந்த நெறிகள். வலியவன் எழுதி நீட்டிய தாளில் எளியவன் கண்மூடிக் கையொப்பமிடுவது அந்நெறிக்கு ஒவ்வாது. நம் பிள்ளைகள் பந்தாட்டப் பயிற்சிக் கழகங்களுக்குச் செல்கின்றனர், வளைகுடாவுக்குச் செல்கின்றனர், நகரத்து நிறுவனங்களுக்குச் செல்கின்றனர். எங்கே செல்லினும் முதலில் அவர்கள் கையில் தரப்படுவது ஒரு தாள். தவணை எவ்வளவு, கூலி எப்போது, விலகுவது எப்படி, பிணக்கு நேர்ந்தால் நடுவர் யார் என்னும் நான்கு கேள்விகளையும் அத்தாளிடம் கேட்டு விடை பெற்ற பின்னரே பேனாவைத் திறக்குமாறு நாம் அவர்களுக்குக் கற்பிக்க வேண்டும். புரியாத மொழியில் இருந்தால் புரிந்தவரை வைத்துப் படிக்கச் செய்தல் வேண்டும். கையொப்பமிட்ட பின், இட்ட சொல்லைக் காக்கவும் கற்பித்தல் வேண்டும்.

மஃக்ரிப் பாங்கு ஒலிக்கும் நேரத்தில் வெட்டவெளிச் சிறுவர்கள் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு திரும்புகின்றனர். அவர்களுள் ஒருவன் நாளை நல்ல ஆட்டக்காரனாகலாம். மற்றொருவன் தறியில் அமரலாம். வேறொருவன் கடல் கடந்து செல்லலாம். அறிந்து ஏற்கவும் ஏற்றதை நிறைவேற்றவும் அவர்களுக்கு வல்ல இறைவன் அருள்புரிவானாக. அவர்தம் உழைப்பைப் பெறுவோர் உள்ளத்தில் மத்யன் முதியவரின் இரக்கத்தையும் அவன் நிறைப்பானாக!